போர்ஷே 944 (1987): ஆர்பிஎம் ஏற ஏற ஓர் ஊளைச் சத்தம், எங்கிருந்து என்று தெரியவில்லை

நெக்கார்க்கரை:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1987-ம் வருட போர்ஷே 944. டர்போ இல்லாத 2.5 லிட்டர், ஐந்து கியர் மேனுவல். ஜெர்மனியில் ஹைல்பிரானில் இருக்கிறேன். ஸ்டுட்கார்ட் கம்பெனியின் பெயரைத் தாங்கினாலும் இந்த கார் கட்டப்பட்டது நெக்கார்சுல்மில், ஆடி தொழிற்சாலையில். அது என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். இதைத் தேடி வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டு மாதமாக ஒரு சத்தம். எஞ்சின் 2000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) தாண்டியதும் தூரத்தில் வண்டு சுற்றுவதுபோல ஆரம்பிக்கும். 3000-ல் தெளிவான ஊளை. 3500-ல் கியர் லிவரில் வைத்த உள்ளங்கை கூசுகிறது. இரண்டாவது கியரில் 3000 ஓட்டினாலும் ஐந்தாவதில் 3000 ஓட்டினாலும் அதே சுருதி. அதனால் டயர், வீல் பேரிங், டிஃபரன்ஷியல் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். வண்டி நிற்கும்போது நியூட்ரலில் முறுக்கினாலும் வருகிறது, கொஞ்சம் மெலிதாக.

இதுவரை செய்தது: ஆயில் மாற்றினேன், பழைய ஃபில்டரை அறுத்து விரித்துப் பார்த்தேன், உலோகத் துகள் ஒன்றும் இல்லை. சூடான எஞ்சினில் 3000-ல் ஆயில் பிரஷர் 4 பாருக்குக் கீழே இறங்கியதில்லை. ஆல்டர்னேட்டர் பெல்ட்டையும் பவர் ஸ்டியரிங் பெல்ட்டையும் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டேன் (இதில் வாட்டர் பம்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட், அதனால் பயமில்லை). சத்தம் அப்படியே இருந்தது.

அப்புறம் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். டைமிங் பெல்ட், பேலன்ஸ் ஷாஃப்ட் (எஞ்சின் அதிர்வை அடக்கும் தண்டு) பெல்ட், ரோலர்கள் எல்லாம் புதிதாகப் போட்டார்கள். அது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான், இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். ஆனால் சத்தம் போகவில்லை. இப்போது பேலன்ஸ் ஷாஃப்ட் பேரிங் போயிருக்கிறது, எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்லும் தொகை நான் காருக்குக் கொடுத்த விலையை நெருங்குகிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. நன்றாக ஓடும் எஞ்சினை ஊகத்தின் பேரில் பிரிக்க வேண்டுமா?

மூன்றாம்கியர்:

அவர்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. 944 எஞ்சின் என்பது போர்ஷே 928 காரின் வி8-ல் (எட்டு சிலிண்டர் எஞ்சினில்) ஏறக்குறைய ஒரு பாதி. நாலு சிலிண்டருக்கு 2.5 லிட்டர் என்பது பெரிய கொள்ளளவு, அந்த அதிர்வை அடக்க மிட்சுபிஷியின் காப்புரிமைக்கு உரிமம் வாங்கி இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட் வைத்தார்கள். அவை கிராங்கைப்போல (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டு) இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். நீங்கள் 3000-ல் போனால் அவை 6000-ல் போகின்றன. பெல்ட்டை இறுக்கிவிட்டால் ஆர்பிஎம்மோடு சேர்ந்து விசில் அடிக்கும். பிரிக்கிறதுக்கு முன்னால் இழுவிசையை அளவிடும் கருவியை வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கையால் முறுக்கிப் பார்த்து வைப்பது இந்த எஞ்சினுக்குப் போதாது.

பழையஸ்பேனர்:

தம்பி, மூன்றாம்கியர் சொன்னது நடக்கிற விஷயம்தான். ஆனால் புது பெல்ட் போடுவதற்கு முன்னும் பின்னும் சத்தம் ஒரே மாதிரி என்றால் எனக்கு அங்கே சந்தேகம் குறைவு. உங்கள் பதிவில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி: கியர் லிவரில் கை கூசுகிறது என்றீர்களே, அது. நான் ரொறன்ரோவில் பல வருடமாகப் பழைய ஜெர்மன் கார்களோடு கிடக்கிறவன். இந்த அறிகுறியோடு வந்த 944-களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் காரில் எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின் சக்கரங்களுக்கு நடுவில். கிளச் எஞ்சினோடு முன்னால். இரண்டையும் இணைக்க நடுவே ஒரு தடித்த குழாய் போகிறது, டார்க் டியூப். அதற்குள் ஒரு நீண்ட ஷாஃப்ட், அதைத் தாங்க நாலு பேரிங். பெரும்பாலான பின்சக்கர கார்களில் நடுவில் ஓடும் ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குப் பின்னால் வருவது, அதனால் வண்டியின் வேகத்துக்குச் சுற்றும். இதில் கியர்பாக்ஸுக்கு முன்னால் வருகிறது. ஆகவே எஞ்சின் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகம். கியர் லிவர் உட்கார்ந்திருப்பதும் அந்தக் குழாயின் மேல்தான். எஞ்சின் வேகத்தில் சத்தம் வருகிறது என்றதும் எல்லோரும் பொனட்டைத் திறக்கிறார்கள், சத்தமோ உங்கள் முழங்கைக்குக் கீழே இருக்கலாம்.

காசு செலவில்லாமல் பார்க்கலாம். முதலில் நின்ற இடத்தில் நியூட்ரலில், கிளச்சில் கால் வைக்காமல், ஆர்பிஎம்மை 3000-ல் பிடியுங்கள். இப்போது கிளச்சை முழுக்க அழுத்தி, ஆக்சிலரேட்டரை அதே இடத்தில் வையுங்கள். பேலன்ஸ் ஷாஃப்ட் என்றால் சத்தத்தில் எந்த மாற்றமும் இருக்காது, கிளச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கிளச் ரிலீஸ் பேரிங்கோ பைலட் பேரிங்கோ என்றால் அழுத்தும்போதுதான் சத்தம் தொடங்கும் அல்லது கூடும். டார்க் டியூப் என்றால் சத்தம் சட்டென்று அறுந்துபோகாது, மின்விசிறியை நிறுத்தினால் ஓய்வதுபோல ஒன்றிரண்டு நொடியில் இறங்கி அடங்கும். அந்த இறக்கத்தை வடிவாகக் கேளுங்கள்.

அடுத்தது ஆளில்லாத ஓர் இறக்கச் சாலையில். நாலாவது கியரில் 80 கிலோமீட்டர். கிளச்சை அழுத்துங்கள், கியரை எடுக்க வேண்டாம். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கிவிடும், ஆனால் சக்கரங்கள் கியர்பாக்ஸ் வழியாக அந்த ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போதும் ஊளை அப்படியே இருந்தால் எஞ்சினுக்கு விடுதலை. கிளச்சை அழுத்தியபடியே நியூட்ரலுக்கு எடுங்கள், அடங்க வேண்டும்.

இந்த இரண்டு சோதனையிலும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கும் இதேபோலத்தான் நடந்துகொள்ளும். அதைப் பிரித்தறிய வண்டியைத் தூக்கி, நியூட்ரலில் ஓடவிட்டு, மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்பைக் குழாய் நெடுகவும் பிறகு கியர்பாக்ஸ் மேலும் வைத்துக் கேட்க வேண்டும். ஆறுதலாகச் செய்யுங்கள், எக்ஸாஸ்ட் சூடு கையைச் சுடும்.

நெக்கார்க்கரை:

அண்ணா, நேற்று மாலை லோவென்ஸ்டைன் மலையிலிருந்து இறங்கும் சாலையில் செய்து பார்த்தேன். கிளச்சை அழுத்தினேன். ஆர்பிஎம் முள் விழுந்து 900-க்குப் பக்கத்தில் நின்றது. எஞ்சின் அமைதி. ஊளை மட்டும் ஒரு சுருதிகூட இறங்காமல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது! ஜன்னலை ஏற்றிவிட்டு மறுபடி செய்தேன், மறுபடியும் அதே. நியூட்ரலுக்கு எடுத்ததும் நீங்கள் சொன்னபடியே மின்விசிறி ஓய்வதுபோல ஓய்ந்தது. இரண்டு மாதம் பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த இறக்கத்தில் கண் கலங்கிவிட்டது. எஞ்சின் நன்றாக இருக்கிறது.

இன்று நண்பரின் லிஃப்டில் ஏற்றினோம். கியர்பாக்ஸ் மேல் ஸ்டெதஸ்கோப்பில் மெல்லிய சலசலப்புதான். குழாயின் முன்பாதியில் வைத்ததும் காதிலிருந்து பிடுங்க வேண்டியதாயிற்று, அவ்வளவு கரகரப்பு.

பழையஸ்பேனர்:

மிகவும் சந்தோஷம் தம்பி. எக்ஸாஸ்ட் இறங்கும், கியர்பாக்ஸ் இறங்கும், குழாய் பின்னோக்கி வரும். அவ்வளவு கழற்றிய பிறகு கிளச்சை மாற்றாமல் மூடாதீர்கள், அதற்கும் இதே வேலையைத்தான் திரும்பச் செய்ய வேண்டும். பழைய கிளச் தட்டின் நடுவில் ரப்பர் இருந்தால் இத்தனை வருடத்தில் அது வெடித்திருக்கும்.

பெல் ஹவுசிங் (கிளச்சை மூடியிருக்கும் கூடு) மேல் இரண்டு சென்சார் இருக்கும், ஒன்று எஞ்சின் வேகத்துக்கு, ஒன்று ரெஃபரன்ஸுக்கு, அதாவது கிராங்க் எந்த நிலையில் நிற்கிறது என்று காட்ட. கழற்றும் முன் எது எது என்று வயரில் குறியுங்கள், மாற்றிச் செருகினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. திரும்பப் பூட்டும்போது ஃப்ளைவீலில் இருந்து இடைவெளி 0.8 மில்லிமீட்டர். குழாயில் இருந்து ஷாஃப்டை பிரஸ்ஸில் தள்ளும் முன், ஒவ்வொரு பேரிங்கும் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். அந்த அளவு தவறினால் ஷாஃப்ட் அதிரும்.

நெக்கார்க்கரை:

மூன்று வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். குழாய் வெளியே வந்தது. முன்னாலிருந்து இரண்டாவது பேரிங்கை விரலில் போட்டுச் சுற்றினால் மணலில் சுற்றுவதுபோல இருந்தது, கிரீஸ் காய்ந்து பழுப்புத் தூளாகிவிட்டிருந்தது. மற்ற மூன்றும் பரவாயில்லை, இருந்தாலும் நாலையும் மாற்றிவிட்டோம். கிளச் தட்டின் ரப்பரில் சுற்றிலும் வெடிப்பு. ஸ்பிரிங் வைத்த புதுத் தட்டு போட்டோம். எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை.

ஊளை முற்றிலும் போய்விட்டது. ஆட்டோபானில் 4000 வரை கொண்டுபோனேன், லிவரில் கூச்சமே இல்லை. ஒரே ஒரு சந்தேகம்: இப்போது ஐடிலில், நியூட்ரலில், பின்னாலிருந்து லேசாகக் கடகடவென்று கேட்கிறது. கிளச்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. 1000-க்கு மேல் போனால் இல்லை. திரும்பவும் ஏதாவது தவறாகப் பூட்டிவிட்டோமா?

பழையஸ்பேனர்:

இல்லை தம்பி. அது கியர்பாக்ஸுக்குள் சும்மா சுற்றும் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று தட்டுவது. முன்பு கிளச் தட்டின் ரப்பர் அதை விழுங்கிக்கொண்டிருந்தது, ஸ்பிரிங் தட்டு அவ்வளவு விழுங்காது. அதற்காகத்தான் போர்ஷே அங்கே ரப்பரை வைத்தது. ஐடில் சரியாக நிற்கிறதா, கியர்பாக்ஸ் ஆயில் அளவு சரியா என்று மட்டும் பாருங்கள். மற்றபடி ஓட்டுங்கள்.