உத்திரமேரூர் கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அடுத்த மாதம் எங்கள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறேன். ஒரு காலத்தில் ஊர்ச்சபை கூடிய மண்டபம் அது. முதலாம் பராந்தக சோழன் காலத்துத் தேர்தல் விதிகள் (919, 921) அந்தச் சுவரிலேயே இருக்கின்றன. 30 குடும்பு (அதாவது ஊரின் வார்டுகள்), சபைக்கு நிற்பவருக்கு வயது 35 முதல் 70 வரை. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது! பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, அதிலிருந்து ஓலையை எடுப்பது ஒரு சின்னப் பையன். பிள்ளைகளுக்கு இதைத்தான் காட்ட ஆசை.

போன தடவை சுவரை ஒட்டி நின்று பார்த்தேன். சொல்லுக்குச் சொல் இடைவெளியே இல்லை, இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. 'குடும்பு' என்ற சொல் எந்த வரியில் வருகிறது என்று படத்தில் குறித்துத் தர முடியுமா? அப்புறம், மண்டபத்தின் பழைய புகைப்படங்கள் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.