மறுநடவு: களைக்கொல்லி இல்லாமல் செம்பனை வைக்கலாமா?

சிப்புட் பையன்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை). மரங்களுக்கு 27 வயது, மறுநடவு செய்தாக வேண்டும். இந்தத் தடவை களைக்கொல்லி வேண்டாம், கடை உரத்தையும் குறைக்கலாம் என்று இருக்கிறேன். வரிசைக்கு நடுவில் முதல் மூன்று வருடம் வாழையும் மரவள்ளியும். மற்ற இடத்தில் மண்ணைப் போர்த்திப் படரும் மூடுபயிர். வேளாண் சூழலியல் என்று சொல்கிறார்களே, அந்த வழி. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

குலைவெட்டு:
தம்பி, ஆலைக்குப் போகும் ஒவ்வொரு குலையோடும் உங்கள் மண்ணின் பொட்டாசியமும் லாரி ஏறுகிறது. திருப்பிப் போடாவிட்டால் கீழ்மட்டையில் ஆரஞ்சுப் புள்ளி விழும், குலை சிறுக்கும். இலங்கையில் 2021இல் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நெல் விளைச்சல் சரிந்தது, அந்த நவம்பரிலேயே தடையை எடுத்தார்கள். வீட்டுக் கடனை வைத்துக்கொண்டு இதில் இறங்காதீர்கள்.

லயத்து அக்கா:
அங்கே ஒரே உத்தரவில் நாட்டையே மாற்றினார்கள். தம்பி கேட்பது மூன்று ஏக்கர். இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

நான் 11 வருடம் தோட்டத்தில் மருந்து அடித்தவள். முதுகில் பம்பு, கையுறை கேட்டால் “அடுத்த மாதம்” என்பார் தண்டல் (மேற்பார்வையாளர்). பாரகுவாட் என்ற களைக்கொல்லியைக் கலக்கும்போது விரலில் பட்டுப் பட்டு வலது கையில் இரண்டு நகம் வெளுத்துக் கழன்றன. சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். அந்த மருந்துக்கு 2002இல் தடை என்றார்கள், 2006இல் திரும்ப விட்டார்கள். 2020 ஜனவரி 1இல்தான் ஒரேயடியாக நின்றது.

குலைவெட்டு:
அக்கா, உங்கள் கையைப் பற்றி எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் மருந்து வேறு, உரம் வேறு. மருந்தை விட்டால் புல் வெட்ட ஆள் எங்கே?

சிப்புட் பையன்:
மூடுபயிராக முக்குனா கொடி விட்டால் புல்லை அமுக்கிவிடும், காற்றிலுள்ள நைட்ரஜனையும் வேர் முடிச்சில் பிடித்துத் தரும். பொட்டாசியத்துக்கு ஆலையிலிருந்து வெற்றுக்குலை (பழம் உதிர்த்த பிறகு மிஞ்சும் குலை) எடுக்கலாம் அண்ணே.

குலைவெட்டு:
முக்குனா செம்பனைக் கன்று மேலேயே ஏறும். மாதாமாதம் கொடியை இழுத்துவிடாவிட்டால் கன்று மூச்சு முட்டிச் சாகும். வெற்றுக்குலையைக் குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு உள்ளே முட்டையிட்டுப் பெருகும், அப்புறம் குருத்தைத் துளைக்கும். ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். அதற்குக் கூலி, லாரி வாடகை எல்லாம் சேர்த்தால் மூன்று ஏக்கருக்குக் கட்டாது.

லயத்து அக்கா:
கூலிக் கணக்கு சரி. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. என் அம்மா செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தப் பொடி தூவும் வேலை செய்தவர். மட்டை முள் கிழித்த கோடுகள் கடைசி வரை அவர் கையில் இருந்தன. 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன வண்டை விட்டார்கள், அந்த வேலையே நின்றுபோனது. இன்றும் நம் மரம் காய்ப்பது அந்த வண்டால்தான். எலியைப் பிடிக்கும் ஆந்தைக்குப் பெட்டி வைப்பது பெரிய தோட்டங்களிலேயே உண்டு. அவர்களுக்குக் கட்டுவது நமக்கு மட்டும் ஏன் கட்டாது?

குலைவெட்டு:
அவர்கள் ஆந்தையும் வைக்கிறார்கள், உரமும் போடுகிறார்கள் அக்கா.

சிப்புட் பையன்:
பக்கத்தில் நான்கைந்து சிறு தோட்டக்காரர்கள் சேர்ந்தால் லாரி வாடகை பிரிந்துவிடும். யாராவது வருகிறீர்களா?

குலைவெட்டு:
லாரிக்கு என் பங்கு உண்டு. ஆனால் என் மரத்துக்கு மூட்டை உரமும் போடுவேன்.