அறிமுகம் கேட்பதா, சிபாரிசு கேட்பதா?

வணக்கம் உறவுகளே. நான் மல்லாவிப் பெண். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் கணினிப் பொறியியல் முடித்து எட்டு மாதமாகிறது. கொழும்பு மென்பொருள் நிறுவனங்களுக்கு 43 விண்ணப்பங்கள் அனுப்பினேன். நேர்முகத் தேர்வுக்கு வந்த அழைப்பு இரண்டே இரண்டு.

பீடத்தில் எனக்கு முன்னர் படித்த அக்கா ஒருவர், முன்பின் பழக்கமில்லாதவர், போன ஞாயிறு என் சுயவிவரக் கோவையை வரிவரியாகத் திருத்தித் தந்தார். முதல் பக்கத்தில் பாதியைப் பாடசாலைப் பரிசுகள் பிடித்திருந்தன. அத்தனையையும் வெட்டிவிட்டு, மாமாவின் அரிசி ஆலைக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு மென்பொருளை மேலே ஏற்றினார். அதை நான் ஒரு பொருட்டாகவே நினைத்திருக்கவில்லை.

இப்போது அவரிடமே, அவருடைய நிறுவனத்தில் என் பெயரைச் சொல்லும்படி கேட்கலாமா? ஆள் பிடித்து உள்ளே போனவள் என்ற பேச்சு அப்பாவுக்குப் பிடிக்காது, எனக்கும்தான். ஆனால் பல நிறுவனங்கள் ஊழியர் பரிந்துரையை முறையாகவே கேட்கின்றன, ஆள் தெரிவானால் பரிந்துரைத்தவருக்கு ஊக்கத்தொகைகூட உண்டு. பிறகு எனக்கு மட்டும் என்ன கூச்சம்?

துறையில் இருக்கும் அண்ணாமாரே, அக்காமாரே, இப்படி ஒரு செய்தி வந்தால், என்ன எழுதியிருந்தால் பதில் போடுவீர்கள்? எது எரிச்சலூட்டும்? பதில் வராவிட்டால் எத்தனை நாள் கழித்து மறுபடி கேட்கலாம்?

அடுத்த மாதம் இரவு பஸ்ஸில் கொழும்பு வருகிறேன். அம்மா அந்த அக்காவுக்கென்று பனங்கட்டிக் குட்டான் (சின்ன ஓலைப் பெட்டியில் பனை வெல்லம்) இரண்டு கட்டி வைத்திருக்கிறார். வேலை கேட்கிற நேரத்தில் அதைக் கொடுத்தால் கையூட்டுப் போல இருக்காதா? இதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள், அம்மா விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.