ஹொர நாற்று ஏன் வளரவில்லை?

வெள்ளவத்தை மாடித்தோட்டம்:
இரத்தினபுரியில் உறவினர் காணியிலிருந்து கொண்டுவந்த ஹொர (மழைக்காட்டில் வளரும் பெருமரம்) நாற்று, சாடியில் 9 மாதமாக நான்கு இலையோடு நிற்கிறது. அதே கடை மண்ணில் மாங்கன்று இடுப்பளவு வந்துவிட்டது. மனசு கேட்கவில்லை. என்ன குறை?

தெஹிவளை அக்கா:
தம்பி, வேர்ப்பூஞ்சை, அதாவது வேரோடு கூட்டாக வாழ்ந்து மரத்துக்கு உதவும் பூஞ்சை, இல்லாமல் இருக்கலாம். மாமரத்துக்கு உதவுவது வேர்க் கலங்களுக்குள் புகும் வகை. சாதாரண தோட்ட மண்ணிலேயே இருக்கும். ஹொரவுக்கு வேண்டியது வேர்நுனியை உறைபோல மூடும் வகை. மரத்திடம் சர்க்கரை வாங்கி, பொசுபரசு கொண்டுவந்து கொடுக்கும். சிங்கராஜக் காட்டு ஹொரவுக்கும் இந்தக் கூட்டுத்தான், பைனுக்கும் அப்படித்தான்.

நுகேகொடை:
உரம் அள்ளிப் போட்டீர்களா? பொசுபரசு கூடினால் பூஞ்சை வேரில் எளிதில் சேராது.

வெள்ளவத்தை மாடித்தோட்டம்:
போட்டேன், மாதாமாதம். இனி நிறுத்துகிறேன். அக்கா, பூஞ்சைக்கு எங்கே போவது?

தெஹிவளை அக்கா:
அதே காணியில் தாய்மரத்தடி மண் ஒரு பிடி போதும். சிங்கராஜவில் மட்டும் கைவைக்காதே, அது பாதுகாக்கப்பட்ட காடு.