மருந்து கம்பெனி டாக்டருக்குத் தனி மேற்படிப்பு தேவையா?

கரும்புகைத்தாள்:
எம்.டி. ஃபார்மகாலஜி (மருந்தியல்) முடித்து, மருந்து கம்பெனியில் மெடிக்கல் அட்வைசராகி 19 வருடம். அந்த மூன்று வருடப் படிப்பில் என்ன செய்தேன்? தவளையின் வயிற்றுத் தசையை நூலில் கட்டி, அசிட்டைல்கோலின் விட்டு, கரும்புகை பூசிய தாளில் கோடு வரைந்தேன். வேலையில் சேர்ந்த முதல் வாரமே மேசைக்கு ஒரு பக்கவிளைவு ரிப்போர்ட் வந்தது: "ஆண், 54, மஞ்சள் காமாலை." மாத்திரையை நிறுத்தினார்களா, நிறுத்தியபின் குறைந்ததா, கூட என்ன சாப்பிட்டார்... ஒன்றும் இல்லை. மருந்துதான் காரணமா என்று நான் எழுத வேண்டும். பிரிட்டனில் ஃபார்மசூட்டிகல் மெடிசின், அதாவது மருந்து கம்பெனி டாக்டர் வேலைக்கான பயிற்சி, 2002 முதல் தனி ஸ்பெஷாலிட்டி. நமக்கும் வேண்டும்.

வார்டு_டாக்டர்:
வேண்டாம் சார். அந்த ரிப்போர்ட்டுக்குத் தேவை காமாலை நோயாளிகளைப் பார்த்துப் பழகிய கண். ஜெனரல் மெடிசின்காரன் முதலில் ஹெபடைடிஸ் டெஸ்ட், குடி, டிபி மாத்திரை, நாட்டு மருந்து என்று கேட்பான். மருந்து ஆய்வில் மோசமான விளைவு வந்தால் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இந்தியாவின் 2019 மருந்து ஆய்வு விதிகள் சொல்கின்றன. படித்தால் புரிகிறது. இதற்கு இன்னொரு டிகிரி, இன்னொரு என்ட்ரன்ஸ், இன்னொரு கேபிடேஷன் ஃபீஸா?

லீட்ஸ்வாசி:
பிரிட்டனில் அந்தப் பயிற்சியில்தான் இருக்கிறேன். காலேஜும் இல்லை, சீட்டும் இல்லை. கம்பெனி சம்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டே நான்கு வருடம். வார்டு அனுபவம் இல்லாதவரைச் சேர்க்கவே மாட்டார்கள். விதியைப் படித்தால் போதும் என்கிறீர்களே, 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க்கில் நடந்ததைப் பாருங்கள். டிஜிஎன்1412 என்ற புது மருந்தை முதன்முதலாக மனிதர்களுக்கு, ஆறு பேருக்கு, சுமார் பத்து நிமிட இடைவெளியில் வரிசையாக ஏற்றினார்கள். ஆறு பேரும் ஐசியூவில். அனுமதி வாங்கிய திட்டப்படிதான் செய்தார்கள். முதல் ஆளுக்குப் போட்டுவிட்டு ஒருநாள் காத்திருப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வார்டு_டாக்டர்:
பிரிட்டனில் இதற்கு டிப்ளமோ பரீட்சை 1976-லேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் 2006-ல் நடந்திருக்கிறது. என் கட்சிக்குத்தான் பேசுகிறீர்கள் :)

சிஆர்ஆர்ஐ_தம்பி:
சார், நீட் பிஜி ரேங்க் சரியாக வராதவர்கள்தான் கம்பெனிக்குப் போவார்கள் என்று எங்கள் ஹாஸ்டலில் சொல்கிறார்கள். உண்மையா?

கரும்புகைத்தாள்:
என் மாமனாரும் அதையேதான் தம்பி சொல்கிறார். பெண் கொடுத்த பிறகு சொன்னார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் கையெழுத்துக்கு ஒரு விஷுவல் எய்டு (விற்பனைப் பிரதிநிதி டாக்டரிடம் காட்டும் விளம்பர அட்டை) வந்தது. அதிலுள்ள வரைபடத்தில் நம் மாத்திரையின் பார், போட்டி மருந்தின் பாரைவிட இரண்டு மடங்கு உயரம். உற்றுப் பார்த்தால் வரைபடத்தின் செங்குத்து அச்சு 0-ல் இல்லாமல் 80-ல் தொடங்குகிறது! உண்மையில் 90-க்கும் 85-க்கும் உள்ள வித்தியாசம். மேலே பெரிய எழுத்தில் "பாதுகாப்பானது". இதைப் பிடிக்க எம்.டி.யில் யாரும் சொல்லித்தரவில்லை.

வார்டு_டாக்டர்:
பிடித்தீர்கள் அல்லவா? படிப்பு இல்லாமலே! அதைத் திருப்பி அனுப்பத் துணிச்சல் வேண்டும். எந்த யுனிவர்சிட்டியும் அதற்குச் சிலபஸ் போட முடியாது.

லீட்ஸ்வாசி:
துணிச்சலுக்கும் ஒரு பிடிமானம் வேண்டும் அண்ணா. இங்கே பதிவு பெற்ற டாக்டரோ பார்மசிஸ்டோ கையெழுத்திடாமல் விளம்பரம் வெளியே போகாது. யார் யார் கையெழுத்திடுவார்கள் என்று கம்பெனி முன்கூட்டியே பெயர் கொடுத்திருக்க வேண்டும். இந்தியாவின் 2024 மார்க்கெட்டிங் நெறிமுறையும் "பாதுகாப்பானது" என்று மொட்டையாகப் போடக் கூடாது என்கிறது. ஆனால் அங்கே ஒழுங்காக நடந்தோம் என்று எழுதிக் கொடுப்பது டாக்டர் அல்ல, கம்பெனித் தலைவரே.

வார்டு_டாக்டர்:
அப்படியென்றால் முதலில் மாற வேண்டியது அது. டிகிரியை அப்புறம் பார்க்கலாம்.

சிஆர்ஆர்ஐ_தம்பி:
கடைசியில் கையெழுத்துப் போட்டீர்களா சார்?

கரும்புகைத்தாள்:
போடவில்லை. இரண்டு வாரத்தில் புது அட்டை வந்தது. அச்சு 0-ல் தொடங்குகிறது, "பாதுகாப்பானது" போய்விட்டது. பார் இரண்டும் ஒரே உயரமாகத் தெரிகிறது என்று மார்க்கெட்டிங் மேனேஜர் இப்போது என்னோடு பேசுவதில்லை.