ஏஐஎஸ் ரிசீவரின் உண்மையான எல்லை: கணக்கிட உதவி தேவை

வணக்கம். கரையோர ஏஐஎஸ் (கப்பல்கள் தம் இடம், வேகம் போன்றவற்றைத் தாமாகவே ரேடியோவில் அனுப்பும் அமைப்பு) ரிசீவர் எவ்வளவு தூரம் நம்பகமாகக் கேட்கிறது என்று வரைபடம் போடுகிறோம். ரிசீவர் ஆன்டெனா 30 மீட்டர், கப்பலுடையது 15 மீட்டர் உயரம் என்றால், 4.12 × (√30 + √15) கணக்குப்படி ரேடியோ தொடுவானம் (சிக்னல் வழக்கமாக எட்டும் எல்லை) சுமார் 38.5 கி.மீ. ஆனால் காற்றடுக்குகள் சிக்னலை வளைத்துக் கொண்டுவரும் நாட்களில் நூற்றுக்கணக்கான கி.மீ. தாண்டியும் வந்துவிடுகிறது. அதிகபட்ச தூரத்தை அப்படியே எடுத்தால் படம் பொய்தான்.

அதனால் ரிசீவரைச் சுற்றியுள்ள திசைகளை 5 பாகைத் துண்டுகளாகப் பிரித்து, வரவேண்டிய செய்திகளில் எத்தனை வந்தன என்று பார்க்கிறோம். 14 நாட் (மணிக்கு 14 கடல் மைல்) வரை நேராகச் செல்லும் கிளாஸ் ஏ கப்பல் (பெரும்பாலும் பெரிய கப்பல்களில் இருக்கும் ஏஐஎஸ் வகை) 10 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும். நங்கூரமிட்டவை 3 நிமிடத்துக்கு ஒருமுறைதான். கலந்தால் விகிதம் கெடும்.

கப்பலே போகாத திசையையும், குன்றோ கட்டடமோ மறைக்கும் திசையையும் எப்படிப் பிரித்தறிகிறீர்கள்? அசாதாரண நாட்களை நீக்க எந்த வரம்பு வைக்கிறீர்கள்?