மிஷினை யாரிடம் கொடுத்துவிட்டு வந்தாய்?

அப்பா கோவையில் பஞ்சாலைத் தொழிலாளி. ஷிஃப்ட் முடிந்து வந்தால் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, குளித்துவிட்டுத் திண்ணையில் உட்காருவார். மில்லைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எனக்கு மட்டும் அது ஏன் கைகூடவில்லை என்று பல வருடம் குழம்பியிருக்கிறேன்.

நான் சென்னை ஓ.எம்.ஆரில், அமெரிக்க கிளையன்ட் ஒருவருக்கு புரொடக்‌ஷன் சப்போர்ட் பார்க்கிறேன், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் கோளாறு வந்தால் சரிசெய்யும் வேலை. நமக்கு மாலை 6.30 என்றால் நியூயார்க்கில் காலை 9. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது 7.30 ஆகிவிடும். வீட்டில் விளக்கேற்றும் நேரத்தில்தான் அங்கே நாள் தொடங்கும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன் இல்லாமல் நான் சாப்பிட்டதே இல்லை.

ஒருமுறை மூன்று நாள் லீவு போட்டுக் குடும்பத்தோடு வால்பாறை போனோம். தங்கிய எஸ்டேட் வீட்டில் சிக்னலே கிடையாது. நிம்மதி என்றுதான் நினைத்தேன். ஆனால் கிளம்பும் முன் பாதியில் நின்ற ஒரு பேட்ச் ஜாப் (மொத்தமாகத் தானே ஓடி முடியவேண்டிய கணினி வேலை) மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. யாராவது மறுபடி ஓட்டினார்களா, இல்லையா? ஆழியாறிலிருந்து ஏறும் அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டாம் நாள் ராத்திரி டவர் கிடைக்கும் மேட்டைத் தேடி, டார்ச்சோடு நடந்து போனேன். காட்டு மாடு நடமாடும் இடம் அது. மனைவி அன்றைக்கு அழுதுவிட்டார்.

திரும்பும் வழியில் கோவையில் அப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "நானு மிஷின அடுத்த ஆளு கையில குடுத்துப்போட்டுத்தான் வருவேன். நீ யாருகிட்டக் குடுத்துட்டு வந்தே, கண்ணு?"

அவருக்கு மனக்கட்டுப்பாடு அதிகம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை. அவர் இடத்தில் இன்னொருவர் வந்து நின்றார், அவ்வளவுதான். என் இடத்தில் யாரும் நிற்கவில்லை.

அரைகுறையாக நிற்கும் வேலைதான் நினைவில் ஒட்டிக்கொள்ளும் என்று உளவியலாளர் புளூமா ஸைகார்னிக் 1927-லேயே எழுதியிருக்கிறார். 2011-இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் செய்த ஆய்வு எனக்கு இன்னும் உதவியது. வேலையை முடிக்கவேண்டும் என்றுகூட இல்லை. எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அந்த நச்சரிப்பு அடங்குகிறதாம். இப்போது கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு ஒரு நோட்டில் எழுதுகிறேன்: எந்த டிக்கெட் (கோளாறுப் புகார்) எங்கே நிற்கிறது, யார் பதிலுக்குக் காத்திருக்கிறேன், காலையில் எதைத் தொடவேண்டும்.

நோட்டு மட்டும் போதவில்லை. மேனேஜரிடம் பேசி, வாரத்துக்கு ஒருவர் என்று ஆன்-கால் முறை வைத்தோம். பி1, அதாவது மிக அவசரமான கோளாறு, வந்தால் அவருக்கு மட்டும் போன் போகும். மற்றவை காலை வரை காத்திருக்கும். சம்மதிக்க வைக்க இரண்டு மாதம் ஆனது. என் முறை இல்லாத ஒரு வாரத்தில் நடந்த பெரிய கோளாறு, மறுநாள் காலையில்தான் எனக்குத் தெரிந்தது. நான் இல்லாமலே சரிசெய்திருந்தார்கள். கொஞ்சம் வலித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதைப் படித்துவிட்டு மெல்போர்னிலிருந்து ஒரு சகோதரி எழுதியது:

இங்கே 2024 ஆகஸ்ட் 26 முதல் சட்டமே இருக்கிறது, அண்ணா. வேலை நேரம் தாண்டி வரும் அழைப்பைப் பார்க்காமலும் பதில் சொல்லாமலும் இருக்கலாம், மறுப்பது நியாயமில்லாத சமயம் தவிர. ஆனால் அவர்கள் கூப்பிடவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் போன் ஒலிக்கத்தான் செய்கிறது. எடுக்காதபோது வரும் குற்ற உணர்ச்சி குறைய எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. நம் நாட்டில் 2018-இல் சுப்ரியா சுலே இதே உரிமைக்காக மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகாமல் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்.

ஓர் ஆசிரியை எழுதியது:

பத்தாம் வகுப்பு எடுக்கிறேன். இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் "நாளைக்கு டெஸ்ட் இருக்கா டீச்சர்?" என்று கேட்பார்கள். இப்போது தினமும் ஆறரைக்கு எல்லாத் தகவலையும் நானே போட்டுவிடுகிறேன். பள்ளிக்கென்று வைத்திருக்கும் போன் ஏழு மணிக்கு பீரோவுக்குள் போய்விடும். ஆனால் எனக்கு அடுத்த ஷிஃப்ட் ஆள் கிடையாது, சார். போன மாதம் ஒரு பையன் மூன்று நாளாக வரவில்லை. பீரோவைப் பூட்டினாலும் அவன் முகம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அவன் வீட்டுக்கே போனேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னான். அன்றைக்கு ராத்திரிதான் தூங்கினேன்.